வண்டிக்கு இரண்டு குடம்

கல்மண்டபத்தில் நாங்கள் குடியிருந்தபோது தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். நான் சண்டை போட்டு எட்டுக் குடம் பிடித்து வருவேன். அதில் இரண்டை என் வீட்டுக்காரர் தூக்கிப்போய், எங்கள் பழைய டீசல் பிக்கப்பின் அடியில் படுத்துக்கொண்டு கழுவுவார். அது மீன் ஏற்றும் வண்டி. ஐஸ் கரைந்து வழிகிற உப்புத் தண்ணீர் அடித்தகட்டை அரித்துவிடும்.

"ஏன்யா, குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறியே, அதுவா உனக்குச் சோறு போடுது?" என்று கத்துவேன்.

"அதுதாம்மே போடுது" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

பதினாறு வருஷத்தில் அந்த வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை. அவருக்கு மாரடைப்பு வந்த காலையிலும், பக்கத்து வீட்டுக்காரர் சாவியைத் திருப்பியதுமே கிளம்பி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்தான் திரும்பி வரவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியாது, விற்றேன். வாங்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மீன் வண்டின்ற, அடியில துருவே காணோம்?" என்றார். திட்டாமல் ஒரு குடம்கூடக் கொடுத்தவளில்லை நான்.

மறுநாள் லாரி வந்தது. வழக்கம்போல் சண்டை போட்டு எட்டுக் குடம் பிடித்தேன். சாயங்காலம் வரை எட்டும் அப்படியே இருந்தன.