எருமப்பட்டியில் இறக்கிய முடி

சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் ஒவ்வொரு முறையும் அதையே கேட்பார்: "லீவுங்களா?"

மதியழகன் காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, நிறைந்ததை உள்ளே வாங்கி வைத்து, கதவைச் சாத்துவான். ஆரம்பத்தில் பதில் சொன்னான். பிறகு சிரித்து வைத்தான். இப்போது இரண்டும் கிடையாது. ஒருவனுக்கு ஐந்து வருடமாக எந்த முதலாளி லீவு கொடுப்பான் என்று அந்த ஆள் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் கேள்வி இன்னும் மோசமாக வந்திருக்கும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவன் அவன். லாரியின் பின்பலகையில் மயிலும் மலையும் சூரியனும் வரைந்து, கீழே 'ஒலி எழுப்பவும்' என்று கொழுத்த எழுத்தில் எழுதுவதில் அவனுக்கு ஊரில் பேர் இருந்தது. மனைவி நித்யஸ்ரீக்கு சேலத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை நிரந்தரமானபோது சின்னவள் பிரீத்தி கைக்குழந்தை, பெரியவள் மோனிஷாவுக்கு மூன்று வயது. நாமக்கல்லில் இருந்தே பஸ்ஸில் போய்வருகிற நித்யஸ்ரீக்குப் பகல் டியூட்டி, ராத்திரி டியூட்டி என்று மாறி மாறி வரும். பட்டறையிலோ வண்டி டெலிவரி நெருங்கினால் வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோக வேண்டும். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவன் வேலையை விட்டு நின்றுகொண்டான். அவ்வளவுதான் கதை.

அந்த அவ்வளவுதானை யாரும் நம்பவில்லை. பெயிண்ட் வாசத்தில் நெஞ்சு கெட்டுப்போய்விட்டது என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். வட்டிக்கு விட்டுச் சாப்பிடுகிறான் என்று வீட்டுக்காரர் நினைத்தார். பெண்டாட்டி ஏதோ மருந்து வைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஓர் ஆண் வீட்டில் இருக்கிறான் என்கிற ஒரே காரணம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் வெளிநாட்டில் இருந்து மே மாதம் வந்து, திரும்பும் டிக்கெட் தேதியை நினைத்தபடியே இருந்துவிட்டுப் போகிறவன். என் பிள்ளையை நாள் முழுக்க யாரிடமோ காசு கொடுத்து விட்டுவைத்திருக்கிறேன். அதைப் பற்றி இந்தத் தெருவில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தவுடன் காபி கொடுக்கிறார்கள்.

கோடையில் அவன் வீட்டில் பொழுது வெயிலோடு போட்டி போட்டுத்தான் விடியும். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் சுடுவதற்குள் இரண்டு பேரையும் குளிப்பாட்டியாக வேண்டும். கோழிப்பண்ணையில் விலை குறைத்துக் கொடுக்கும் கீறல் முட்டையைச் சாயங்காலம் வரை வைக்க முடியாது, காலையிலேயே பொடிமாஸ் ஆக்கிவிடுவான். மத்தியானம் ஜன்னலுக்கு நனைத்த போர்வையைக் கட்டிவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்தால், சின்னவள் தூங்காமல் மூன்று சக்கர சைக்கிளை வீட்டுக்குள்ளேயே ஓட்டுவாள். அதன் பின்னால் அவன் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக் கொடுத்திருந்தான். யாரும் எழுப்பாவிட்டால் அவளே எழுப்பிக்கொள்வாள். துணி துவைத்ததும் கொடியைக் கட்டுவது மட்டும் வீட்டுக்குப் பின்னால்தான். நித்யஸ்ரீயின் சேலையைத் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி அவன் உலர்த்தியதே இல்லை.

காலையில் முக்கியமான காரியம் சடை. மோனிஷாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. வாசல் படியில் அவள் ஒரு படி கீழே உட்காருவாள், அவன் மேலே உட்காருவான். சரக்கு லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றை வைத்துத்தான் பின்னப் பழகினான். முதலில் கோணல்மாணலாக வந்தது. குழாயடிக்கு வருகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, தங்களுக்குள் சிரித்துக்கொண்டு போவார்கள். இப்போது இரட்டைச் சடை போட்டு ரிப்பன் மடித்துக் கட்டினால் ஒரு மயிர் வெளியே நிற்காது. ஏப்ரலில் பள்ளியிலிருந்து பேன் வந்தது. வேப்பெண்ணெயும் பேன் சீப்புமாக அதே படியில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தில் நசுக்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய அக்கா ராமாத்தாள் வந்து இறங்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வைத்த காபியைக் குடிக்காமல் போனாள்.

ராமாத்தாள் எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா சீக்கிரம் செத்துப்போனதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி, "உன் தம்பிதான் ஊட்ல சோறாக்கறானாமா?" என்று கேட்டதற்குப் பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டாள். அந்தப் பசி அவளுக்கு அடங்கவே இல்லை.

மே மாதக் கடைசியில் எருமப்பட்டியில் மாரியம்மன் நோம்பி. பிள்ளைகளைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று அவளே வந்தாள். மதி சந்தோஷமாக அனுப்பினான். அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது. தங்கள் அறைச் சுவரில் லாரியில் வரைகிற மயில் வேண்டுமென்று மோனிஷா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரணில் கிடந்த பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, இரண்டு நாளும் சட்டை போடாமல் வரைந்தான். சுவரை அடைத்துக்கொண்டு மயில், பின்னால் கொல்லிமலை மாதிரி ஒரு மலை, அதன் மேல் சூரியன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. முதலில் பிரீத்தி குதித்தாள். மொட்டைத் தலை, மேலே காய்ந்த சந்தனம். அவளுக்கு ஒரே குஷி. எல்லோரும் தொட்டுப் பார்க்கத் தலையைக் குனிந்து காட்டினாள். பின்னால் மோனிஷா இறங்கினாள். தலையில் துண்டு. அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மதி கேட்டிலேயே நின்றான்.

"என்னக்கா இது?"

"நோம்பிக்கு எறக்குனது. நல்லதுக்குத்தான் சாமி. உள்ள வா, சொல்றேன்."

அவன் நகரவில்லை. பொங்கல் தூக்கோடு நடுத்தெருவில் நின்று நல்ல சேதி சொல்கிற முகத்தோடு அவள் சொன்னாள். தம்பி திரும்பப் பட்டறைக்குப் போய்விட்டால் இரண்டு பிள்ளைகளின் முடியையும் இறக்குவதாக ஆத்தாளுக்கு வேண்டியிருந்தாளாம். இப்போது அவள் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பேசி முடித்துவிட்டாராம். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம். சின்னவள் எருமப்பட்டியில் அவளோடு இருப்பாள். பெரியவளுக்கு ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் விசாரித்து வைத்திருக்கிறாள்.

"ஆரக் கேட்டு எறக்குன?"

"சாமிக்குக் குடுக்கறதுக்கு ஆரக் கேக்கோணும்?"

"வேண்டுனது நீயி. உன்ற முடி எங்கக்கா?"

ராமாத்தாளின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. "நான் நாலு எடத்துக்குப் போற பொம்பள."

"எம் புள்ள மட்டும் எங்கயும் போகாம பொட்டிக்குள்ளயா இருக்கறா?"

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நானும் சுவரோரம் நின்றேன். மதி அவள் கையிலிருந்த தூக்கை வாங்கி ஆட்டோ சீட்டில் வைத்தான். வைத்த வேகத்தில் மூடி தெறித்துக் கீழே விழுந்தது. ராமாத்தாள் அழ ஆரம்பித்தாள்.

"பொண்டாட்டி சேலையத் தொவைக்கறதுக்கா உன்னய இடுப்புல தூக்கிச் சொமந்தேன்?"

"தொவைக்கறேன். இன்னைக்குங்கூடத் தொவைச்சேன். பின்னாடி காயுது, போயிப் பாத்துட்டுப் போ."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று எனக்கு இன்னும் தெரியாது. நினைத்தால் இன்னும் எரிகிறது. ராமாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஜன்னலில் நின்ற மோனிஷாவைப் பார்த்துச் சொன்னாள். "சாமிக்குக் குடுத்தாச்சு கண்ணு. இனி உங்கப்பன் போகலீன்னா ஆத்தா சும்மா இருக்க மாட்டா."

மறுநாள் காலையில் மோனிஷா வழக்கம்போல் வந்து படியில் உட்கார்ந்தாள். அவனும் சீப்போடு வந்தான். உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பாமலேயே பேசினாள். அப்பாவுக்காகக் கொடுக்கிறாயா என்று அத்தை கேட்டாள், சரி என்று தலையாட்டினேன் என்றாள். அப்பா எங்கே போவார், தன்னை எங்கே அனுப்புவார்கள் என்பதெல்லாம் திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அத்தை சொன்னாளாம்.

"நாந்தானப்பா குடுத்தேன்" என்றாள்.

முடி போனதற்குக்கூட அவனுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. முடி வளரும். எட்டு வயதுப் பிள்ளையை, தன் அப்பனைத் தானே விற்றுவிட்டதாக நம்ப வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தான். தேய்த்தது தெருக்கோடி வரை கேட்டது.

ராத்திரி டியூட்டி முடித்து நித்யஸ்ரீ வந்தாள். போனில் முன்பே கேட்டிருந்தாள். இருந்தாலும் இரண்டு தலைகளையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பை தோளில் தொங்க அப்படியே நின்றாள். "பெத்தவளக் கேக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணலயில்ல" என்றாள். பிறகு அவனிடம், "உங்களுக்குப் பட்டறைக்குப் போகோணும்னு இருந்தா போங்க, நான் டியூட்டிய எப்படியோ மாத்திக்கறேன். சாமிக்காக, எங்களுக்காகன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க" என்றாள்.

அவன் அவள் முன்னாலேயே திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டான். வரவில்லை என்றான். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "வரலீங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தான்.

மோனிஷாவின் முகம் வெளிறிப்போனது. அப்படியானால் ஆத்தா? ஆத்தா ஒன்றும் செய்ய மாட்டாள் என்று அம்மாவும் அப்பாவும் மாறி மாறிச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. வாங்கியவள் ஆத்தா. வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து சொன்னால் எப்படிச் செல்லும்? சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"அப்ப கெளம்பு. அவகிட்டயே சொல்லிட்டு வந்தரலாம்" என்றான் மதி.

எக்ஸெல் மொபெட்டில் முன்னால் சின்னவள், பின்னால் பெரியவள், இரண்டு மொட்டைக்கும் ஈரத்துண்டு. உச்சி வெயிலில் கிளம்பிப் போவதை நான் தடுக்கப் பார்த்தேன். அவன் காதில் விழவில்லை. அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் எங்கள் சுவர்மேல் ஏறி நின்று பிரீத்திதான் நடித்துக் காட்டினாள். வண்டிச் சத்தத்தைக்கூட அவளே வாயால் போட்டாள்.

உச்சி பூஜை முடிந்து கோயில் பூட்டிக் கிடந்ததாம். பந்தல் பிரிக்கிறவர்கள் நிழலில் படுத்திருந்தார்கள். கல் சுட்டதால் பிரீத்தி அப்பாவின் கால்மேல் ஏறி நின்றுகொண்டாள். மதி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மோனிஷா, "நீங்க பேசாதீங்கப்பா" என்றாள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் பார்த்து, சண்டைக்காரி மாதிரிக் கத்திச் சொன்னாளாம்: "எங்கிட்ட முழுசாச் சொல்லாம வாங்கிட்டாங்க. முடிய நீயே வெச்சுக்கோ. எங்கப்பாவக் குடுக்க மாட்டோம்."

"என்றதையும் நீயே வெச்சுக்கோன்னு நானுஞ் சொன்னேன்" என்றாள் பிரீத்தி.

திரும்பும் வழியில் ராமாத்தாளின் வீடு. அவள் வாசலில் நின்றிருந்தாள். தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க சாமி என்று சொம்போடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். மதி நிறுத்தினான். பிள்ளைகள் குடித்தார்கள். அவன் இறங்கவில்லை, வண்டியை அணைக்கவும் இல்லை. சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மோனிஷா, "ஆத்தாகிட்டச் சொல்லீட்டோம் அத்த" என்றாள். என்ன சொன்னீர்கள் என்று ராமாத்தாள் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"டுர்ர்ர்" என்று பிரீத்தி சுவர்மேல் ஓட்டிக் காட்டி முடித்தாள். நான் சிரித்துவிட்டேன். மோனிஷா உள்ளே மயில் சுவருக்குக் கீழே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

மதி சிரிக்கவில்லை. பின்பக்கத்துக் கொடியை அவிழ்த்து வந்து, கேட்டிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினான். தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. பிறகு நித்யஸ்ரீயின் சேலையை எடுத்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை உதறி, தெருவைப் பார்க்க விரித்துப் போட்டான்.