ஓனர் யாரு மேம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, முடிச்சூரில் ஒரே வீட்டைச் சுத்தம் செய்ய இரண்டு டீம் போய் நின்றது.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். இத்தனை பேருக்கும் சேர்த்து பில் வருமோ என்று பயந்தாரே தவிர, சண்டை போடவில்லை. ஆனால் அதே நேரத்தில் குரோம்பேட்டையில் ஒரு புது ஃபிளாட், தரை முழுக்க சிமென்ட் தூளும் பெயின்ட் சொட்டுமாக, யாரும் வராமல் காத்துக் கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் அங்கே கிரகப்பிரவேசம். மதியம் அந்த வீட்டம்மா போன் செய்தபோது, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவே எங்கேயோ இருந்தார்.

என் மனைவி மகேஸ்வரி, சேர்ந்து தொழில் நடத்தும் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா மகேஸ்வரியைப் பார்த்தார். குரோம்பேட்டைக்கு ஆள் அனுப்பியது மற்றவர்தான் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். முடிச்சூருக்கோ, இருவருமே தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்கள்.

விவாதிக்க நேரமில்லை. முதலாளிகள் இருவரும் வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு தாங்களே ஓடினார்கள். பின்னாலேயே ஒரு டீம் வந்து சேர்ந்தது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அந்த வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது.

வீடு திரும்பியதும் மகேஸ்வரி அறிவித்தார். இனிமேல் வாட்ஸ்அப்பையும் ஞாபகசக்தியையும் நம்பித் தொழில் நடத்த முடியாது. ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மகேஸ்வரியும் ஸ்டெல்லாவும் சேர்ந்து ஒரு கிளீனிங் சர்வீஸ் நடத்துகிறார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பாத்ரூம் டைல்ஸில் போர் தண்ணீர் படியவைக்கும் உப்புக் கறையை எடுப்பது, புது வீட்டைக் குடிபோகும்முன் துடைத்துக் கொடுப்பது. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் தாண்டி வரை அவர்கள் ராஜ்ஜியம்.

ஆரம்பித்தது திட்டம் போட்டு அல்ல. 2015 வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் முடிச்சூர் வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை அவரைக் காய்கறி வண்டிக்காரரிடம் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. இருந்த பவுடரை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு எங்கள் வீட்டை இருவரும் சேர்ந்து கழுவினார்கள். அடுத்து ஸ்டெல்லா வீட்டை. அதற்கடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்று அவர் வீட்டை...

அப்படியே தொழிலாகிவிட்டது. இத்தனை வருடத்தில் இருவருக்குள் எது யார் வேலை, யார் பேச்சுக்கு யார் கட்டுப்பட வேண்டும் என்ற பேச்சே வந்ததில்லை. முதலில் போனை எடுத்தவர் முடிவு செய்வார். அவ்வளவுதான் கம்பெனிச் சட்டம்.

சாஃப்ட்வேர் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏன்? நான் கம்ப்யூட்டரில் கட்டுரை அடிக்கிறேன் அல்லவா... வீட்டில் அதுதான் தகுதி.

வாடிக்கையாளர்களையும் வேலைகளையும் நிர்வகிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று ஒரே ஒரு முறை இணையத்தில் தேடினேன். அன்றிலிருந்து நான் எதைத் திறந்தாலும் கோட்டு போட்ட யாரோ சிரித்துக்கொண்டு என் பிசினஸை வளர்க்கக் கூப்பிடுகிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனாலும் அங்கேயும் நிற்கிறார்கள்.

முதல் டெமோ வீடியோ காலில் நடந்தது. பேசியவர் விற்பனைக்காரர்கள் பாஷையில் லீட் என்றார், ஃபனல் என்றார். உங்கள் பைப்லைனை ஒரே ஸ்கிரீனில் பார்க்கலாம் என்றார். ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு பைப்லைன் வேலை கெடையாதுங்க. டேங்க் கழுவறதோட சரி" என்றார். மறுமுனையில் அவர் மறுபடியும் லீடிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாவது சாஃப்ட்வேரில் எல்லாமே இருந்தது. அதுதான் பிரச்னை. ஒரு தொட்டி கழுவும் வேலையைப் பதிவு செய்ய ஒரு திரை முழுக்கக் கட்டங்களை நிரப்ப வேண்டும். அதற்குள் தொட்டியையே கழுவிவிடலாம் என்று மகேஸ்வரி மூடி வைத்துவிட்டார்.

மூன்றாவதை விற்க ஓர் இளைஞர் பைக்கில் நேரிலேயே வந்தார். மோர் குடித்தார். முதலில் இவர்கள் சொல்வதைக் கேட்டார் — அதுவே பாதி வெற்றி. திரை தமிழில் இருந்தது. ஒரு காலண்டர், யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு மேப், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்பு. இந்த வீட்டில் நாய் உண்டு, அந்த வீட்டு மொட்டை மாடிச் சாவி செக்யூரிட்டியிடம்... இப்படி. ஒரு மாதம் இலவசம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

லேப்டாப்பை மடியில் வைத்து அவர் பதிவு செய்ய ஆரம்பித்தார். முதல் கட்டத்திலேயே நிமிர்ந்தார்.

"ஓனர் யாரு மேம்?"

ஸ்டெல்லா மகேஸ்வரியைக் காட்டினார். மகேஸ்வரி ஸ்டெல்லாவைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சாஃப்ட்வேர் சிரிக்கவில்லை. அதில் ஓனர் ஒருவர்தான் இருக்க முடியுமாம். சும்மா பேருக்குத்தான் என்றார் இளைஞர். நானும் தலையாட்டினேன். ஜிஎஸ்டி பதிவு மகேஸ்வரி பெயரில் இருந்ததால் அந்தப் பெயரையே போட்டார். ஸ்டெல்லா மேனேஜர் ஆனார்.

இரண்டு வாரம் எல்லாம் அற்புதமாக ஓடியது. ஒரு டீம் கூட வழி தவறவில்லை. தொட்டி கழுவி ஆறு மாதம் ஆன வீடுகளுக்கு அதுவாகவே நினைவூட்டல் போனது. மகேஸ்வரி சாப்பிடும்போது போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் சமையலறை வரை வருவதில்லை. ஹாலில் உட்கார்ந்து, வேலை விஷயம் பேசிவிட்டு எழுந்துவிடுவார். மகேஸ்வரியிடம் கேட்டேன். வேலை ஜாஸ்திங்க, அதான் என்றார். அவரும் நம்பிச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் மகேஸ்வரி போனை என்னிடம் நீட்டினார். சாஃப்ட்வேரிலிருந்து ஒரு செய்தி. ஸ்டெல்லா, மேனேஜர். ஞாயிறு ஒரு நாள் விடுப்பு கோருகிறார். காரணம்: குடும்ப நிகழ்ச்சி. கீழே இரண்டு பொத்தான் — அனுமதி, நிராகரிப்பு.

"என்கிட்ட லீவு கேக்கறாங்க" என்றார் மகேஸ்வரி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கிண்டல் பண்றாங்களா, கோவமா, எனக்குப் புரியலை."

புரியாததால் இரண்டு பொத்தானில் எதையும் அழுத்தவில்லை. நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நேரில் பார்க்கும் சந்தர்ப்பம் வரவில்லை. ஞாயிறு காலை, டீமில் இருக்கும் தேவி ஏதோ மோட்டார் விஷயமாகப் போன் செய்தார். பேச்சுவாக்கில், ஸ்டெல்லா அக்காவும் இங்கேதான் இருக்காங்க என்றார். பெருங்களத்தூர் அபார்ட்மென்டில், மொட்டை மாடித் தொட்டி வேலையில்.

மகேஸ்வரிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அன்று ஸ்டெல்லாவின் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். தாம்பரம் கிழக்கில், அவர்கள் மாதா கோயிலில். அந்தக் குழந்தைக்கு வெள்ளை கவுன் வாங்க தி.நகருக்கு இருவரும்தான் சேர்ந்து போனார்கள். அதை மறந்தும் விட்டார் மகேஸ்வரி... விடுப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் மற்ற எதுவும் கண்ணில் படவில்லை.

என்னை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார்.

லிஃப்டில் போய், அதற்கு மேல் ஒரு மாடி ஏறினோம். தொட்டிக்கு வெளியே, கம்பெனி கோட்டு போட்டுக்கொண்டு, ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார் ஸ்டெல்லா.

"கோயிலுக்குப் போகலையாப்பா?" என்று கேட்டார் மகேஸ்வரி.

"அப்ரூவ் வரலையே" என்றார் ஸ்டெல்லா. நிமிரவில்லை.

மகேஸ்வரியின் முகம் மாறிவிட்டது. உனக்கு நான் யார் அப்ரூவ் பண்ண, ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று ஆரம்பித்தார். ஸ்டெல்லா பைப்பைக் கீழே வைத்தார்.

நடந்தது இது. சேலையூரில் ஓர் அம்மா, பழைய வாடிக்கையாளர். ஸ்டெல்லா அவர் வீட்டுக்கு நேரில் போயிருந்தார். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வேலையை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கென்ன என்று ஸ்டெல்லா போனை எடுத்துத் தேதியை மாற்றியிருக்கிறார். உரிமையாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று திரையில் வந்தது. பக்கத்தில் நின்ற அந்த அம்மாவும் அதைப் படித்துவிட்டார்.

"அப்போ நீங்க ஓனர் இல்லையான்னு கேட்டாங்க. இல்லீங்கன்னு சொல்ட்டு வந்துட்டேன்" என்றார் ஸ்டெல்லா. "அவங்க தப்பா ஒண்ணும் கேக்கலப்பா. பேப்பர்ல உன் பேருதான் கீது, அது எனக்கும் தெரியும். ஆனா இத்தினி வருசத்துல அத என்கிட்ட யாரும் கேட்டதில்ல. கேட்டப்பறம்தான் நானே யோசிச்சேன்... நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு?"

மொட்டை மாடியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே நெடுஞ்சாலையில் பஸ்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. தேவி மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும்... நின்றுவிட்டேன்.

எதிர்பார்த்தேன், மகேஸ்வரி அழுவார் அல்லது கத்துவார் என்று. இரண்டும் இல்லை. ஸ்டெல்லாவின் கோட்டுப் பொத்தானைத் தானே கழற்ற ஆரம்பித்தார்.

"மொதல்ல கோயிலுக்குப் போலாம். பாப்பா தேடும்" என்றார். "நீ கேட்டதுக்கு என்கிட்ட இப்ப பதில் இல்லை. ஆனா நீ கேட்டது சரி."

பூசை முடிந்திருந்தது. விருந்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பிரியாணி இன்னும் சூடாக இருந்தது. வெள்ளை கவுன் போட்ட குழந்தை ஓடி வந்து இரண்டு அத்தைகளின் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. மகேஸ்வரியின் சுடிதாரில் தொட்டிச் சுவரின் பாசி ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா அதைத் துடைக்கப் போய், இன்னும் பெரிதாக்கிவிட்டார். அங்கேதான் இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை இருவருமாக ஆடிட்டரைப் பார்க்கப் போனார்கள். பார்ட்னர்ஷிப்பாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். புது பான் கார்டு, புது ஜிஎஸ்டி எண், புது பேங்க் அக்கவுன்ட்... எல்லாம் முதலிலிருந்து. இவ்வளவு நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஓடுவதே இரண்டு பேரால்தான் என்று மகேஸ்வரி சொன்னாராம். பத்திரத்தில் இப்போது இரண்டு கையெழுத்து இருக்கிறது.

இதை ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமையலறையில் நின்று, டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை. ஒரு சின்னத் தொழிலுக்கு சாஃப்ட்வேர் தேர்வு செய்யும்போது நாம் என்ன பார்க்கிறோம்? மாதச் சந்தா எவ்வளவு, தமிழ் உண்டா, போனில் வேலை செய்யுமா. எல்லாம் சரி. ஆனால் அதை நிறுவ உட்காரும்போது அது நம்மைச் சில கேள்விகள் கேட்கிறது. யார் முடிவெடுப்பார், யார் யாரைக் கேட்க வேண்டும், ஒருவர் இல்லாவிட்டால் யார்... பிரியமாக இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக் கூச்சப்படும் கேள்விகள். அதற்குக் கூச்சம் கிடையாது. பட்டென்று கேட்டுவிடுகிறது. நாமோ, சும்மா பேருக்குத்தானே என்று ஏதோ ஒன்றை நிரப்பிவிடுகிறோம்.

கேள்வி கேட்டதற்காக அதன் மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் நன்றிகூட உண்டு.

சரி, அந்த சாஃப்ட்வேர் என்ன ஆனது? வைத்துக்கொண்டார்கள். வேலை நன்றாகத்தானே செய்கிறது. ஆனால் ஓனர் கட்டத்தில் இன்னமும் ஒரு பெயருக்குத்தான் இடம். விற்க வந்த இளைஞரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். தலையைச் சொறிந்தார். மேலிடத்தில் கேட்டார். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பெயர் என்ற இடத்தில் மகேஸ்வரி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஸ்டெல்லா. ஒரே பாஸ்வேர்டு, இரண்டு போன்.

சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை மகேஸ்வரி ஸ்டெல்லா என்று ஒரு பெண்மணி இருக்கிறார். ஒரே நேரத்தில் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் இருக்கிறார். லீவு போட்டால் யாரையும் கேட்பதில்லை. அது சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை.

நேற்று அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேரிலிருந்து போன். இலவச மாதம் முடிகிறதாம், மகேஸ்வரி ஸ்டெல்லா மேடத்திடம் பேச வேண்டுமாம்.

"பாதி இருக்கேன், சொல்லுங்க" என்றார் என் மனைவி.