குழம்பில் விழுந்த ஓட்டு

எமரென்சியா என்ற பெயரை வாய் சுளுக்காமல் சொல்லக்கூடியவர்கள் கொடைக்கானல் கன்னியர் மடத்துக்குள் மட்டும்தான் இருந்தார்கள். பேத்துப்பாறையிலிருந்து விறகு சுமந்து வரும் இருளாயி முதல் நாளே தோற்றுப்போய் 'ரஞ்சிதம் சிஸ்டர்' என்று மாற்றி வைத்துக்கொண்டாள். எமரென்சியாவுக்கு வீட்டில் இட்ட பெயர் அருளாயி. திண்டுக்கல் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி வந்தவள், வந்த நாளிலிருந்து மடத்து அடுப்படியில்தான் நின்றாள்.

சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய்தான் சும்மா இருக்காது. மடத்தில் பேசுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. மற்ற நேரமெல்லாம் மௌனம். அவளோ பேச ஆள் கிடைக்காவிட்டால் பானையோடு பேசுவாள், பற்றாத ஈரவிறகை வைவாள், பொங்கி வரும் பாலை அதட்டி உட்காரவைப்பாள். வாரந்தோறும் சகோதரிகள் கூடி, அவரவர் குற்றத்தை அவரவரே மண்டியிட்டுச் சொல்லும் வழக்கம் இருந்தது. அவள் முறை வந்ததும் 'மௌனத்தை மீறினேன்' என்பதை அவள் சொல்லாமலேயே மற்றவர்கள் மனதுக்குள் சொல்லி முடித்திருப்பார்கள். இரண்டாவது குற்றமும் மாறாது: அனுமதி கேட்காமல் பின்வாசலில் சோறு போட்டது. விறகுச் சுமையோடு மேட்டில் ஏறி வந்தவளை நிற்கவைத்துவிட்டு, மடத்துத் தலைவியான மதரைத் தேடிப் போய் அனுமதி வாங்கி வருவதற்குள் கஞ்சி ஆறிவிடாதா என்பது அவள் வாதம்.

கோவில் பொறுப்பில் இருந்த சிஸ்டர் உர்சுலா ஒருமுறை இந்த வாதத்தைக் கேட்டார். கீழ்ப்படிதல் ஆறிப்போனால் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் தலை தெரிந்தாலே எமரென்சியா கஞ்சிப் பானையை மூடிவிடுவாள்.

ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் அவள் தலைவிதி தீர்மானமாக வேண்டியிருந்தது. சாகும்வரை மடத்தில் இருப்பதற்கான கடைசி வார்த்தைப்பாட்டை அவளுக்குக் கொடுக்கலாமா, வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று மூத்த சகோதரிகள் ஓட்டுப் போட வேண்டும். முறை பழையது. ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சை, ஒரு கருப்பு மொச்சை கொடுப்பார்கள். வேண்டும் என்பவர் வெள்ளையையும் வேண்டாம் என்பவர் கருப்பையும் மரப்பெட்டியின் துளைக்குள் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்பது ஆண்டவருக்கு மட்டும் வெளிச்சம்.

வீட்டுக்குப் போனால் அண்ணன் சோறு போடாமல் இருக்கமாட்டான். அவள் பயம் அதுவல்ல. விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, விறைத்த கையைத் தேய்த்துக்கொண்டு கோவிலின் கடைசி பெஞ்சில் போய் உட்காரும்போது நெஞ்சு நிறைந்துபோகும். அது வேறெங்கும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். செபமாலையில் பாதி உருளுவதற்குள் தூங்கிவிடுவாள் என்பது வேறு விஷயம். தன்னை இங்கேயே வைத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் தினமும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடினால் சிஸ்டர் உர்சுலாவின் விரலிடுக்கில் கருப்பு மொச்சைதான் தெரிந்தது.

ஓட்டுக்கு முன்னாலேயே வருஷாந்தர தியானம் தொடங்கியது. அந்த நாட்களில் பேச்சு அறவே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். மழையும் விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து, கீழேயிருந்து லாரி வருவது நின்றது. பருப்பு தீர்ந்தது, பயறு தீர்ந்தது. உருளைக்கிழங்கும், அடுப்புக்கு மேலே கொத்துக்கொத்தாகத் தொங்கிய மன்னவனூர்ப் பூண்டும்தான் மிச்சம்.

அப்படியிருக்கையில் ஒரு காலையில் மதர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு அடுப்படிக்கு வந்தார். மதர் பிரெஞ்சுக்காரர். ஞானோபதேசப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர் என்பதால் அச்சடித்த மாதிரியே பேசுவார். அன்று அதற்கும் வழியில்லை. டப்பாவைத் திறந்து காட்டினார். வெள்ளையும் கருப்புமாக மொச்சை. அடுப்பைக் காட்டினார். பிறகு 'நாளைக்கு' என்பதுபோல் விரலை வளைத்துக் காட்டினார். எமரென்சியா பணிவாகத் தலையசைத்தாள்.

பூஞ்சை பிடிக்கிறது, அடுப்போரம் வைத்துக் காயவிடு, நாளைக்கு வேண்டும் என்று மதர் சாடையில் சொன்னார். நாளைக்கு இதைச் சமை என்று எமரென்சியாவுக்குப் புரிந்தது. ஓட்டு மொச்சை என்றால் வெள்ளித்தட்டில் பட்டுத்துணி மூடி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பிஸ்கட் டப்பாவில் இருக்கும் என்று யார் கண்டது? வழக்கம்போல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஓட்டு நெருங்குகிறதே என்று அன்றைக்குப் பார்த்து அவள் மௌனத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

மறுநாள் மதியம் மொச்சையும் உருளைக்கிழங்கும் போட்ட புளிக்குழம்பு சாப்பாட்டு அறைக்குப் போனது. ஒரு சகோதரி நின்றுகொண்டு புனிதர் வரலாறு வாசிக்க, மற்றவர்கள் மௌனமாகச் சாப்பிட்டார்கள். மதரின் கரண்டி பாதியில் நின்றது. அவர் தட்டில் இருந்த கருப்பு மொச்சையைப் பார்த்தார். சிஸ்டர் உர்சுலா மதரைப் பார்த்தார். ஒரு சகோதரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது மடத்துச் சட்டம். ஆகவே எல்லோரும் தங்கள் ஓட்டை மென்று விழுங்கினார்கள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எமரென்சியா உப்புப் போட மறந்துவிட்டோமோ என்று கவலைப்பட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மதர் அவளைத் தன் அறைக்கு அழைத்து, பேசுவதற்கு அனுமதி கொடுத்தார்.

"மகளே, உன்னைக் குறித்த வாக்குகளை நாங்கள் புசித்துவிட்டோம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மண்டியிட்டாள். அடுப்பைக் காட்டினீர்களே என்று அழுகையோடு கேட்டாள். காயவைப்பதற்காகக் காட்டினேன் என்றார் மதர். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சாயங்காலம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

பின்வாசலில் இருளாயி நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு விறகோடு நின்றாள். எமரென்சியா அடுப்படி வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்ததையெல்லாம் கொட்டினாள். கருப்பு மொச்சை போட ஒருவருக்கு மனமில்லாமல் இருந்தால்கூட இனி மனம் வந்துவிடும் என்றாள்.

"இதுக்குப் போயி அழுவாகளா சிஸ்டரு? அவுக தட்டுல மிச்சம் கெடந்துச்சா?"

"இல்லக்கா. வழிச்சுச் சாப்பிட்டாங்க."

"பெறகென்ன. வெள்ளையோ கருப்போ, எல்லாம் ருசியாத்தான் உள்ள போயிருக்கு."

எமரென்சியாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. பழக்க தோஷம், எழுந்து தட்டில் சோறு போட்டு மீதிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். அனுமதி கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது சிஸ்டர் உர்சுலா உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

அவர் அடுப்புக்கு மேலிருந்து ஒரு கொத்துப் பூண்டை இறக்கினார். மிளகு டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். போகும்போது இருளாயியின் தட்டைக் காட்டினார், பிறகு குழம்புச் சட்டியைக் காட்டினார், போய்விட்டார். மறுபடியும் திருட்டுச் சோறா என்று கேட்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று எமரென்சியாவுக்கு விளங்கவில்லை. கைச்சாடையை நம்பிப் பட்டது போதும் என்றிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுறாக" என்று இருளாயி தட்டை நீட்டினாள்.

ஊற்றினாள். பூண்டு எதற்கு, மிளகு எதற்கு என்பது சட்டி கழுவும்போதுதான் உறைத்தது. வெள்ளை, கருப்பு. கையில் மொச்சை இல்லாவிட்டால் ஓட்டு நின்றுவிடுமா? அறுபதுகள் முழுக்க அந்த மடத்தில் பூண்டும் மிளகும்தான் ஓட்டு. மொச்சைக்கு யாரும் திரும்பவே இல்லை. ஆனால் அன்று அவளுக்கு அதையெல்லாம் ரசிக்கத் தெம்பில்லை. சுத்தமாக இருந்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். சிஸ்டர் உர்சுலா ஒரு கை மிளகு அள்ளியது கண்ணை விட்டுப் போகவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் மதர் மரப்பெட்டியோடு வந்தார். அவள் முன்னால் முறத்தை இழுத்துப் போட்டு, பெட்டியைக் கவிழ்த்தார். பூண்டுப் பற்கள் உருண்டன.

"இன்றிரவு ரசம் வை, மகளே. மிளகை வேறாக எடுத்துக்கொள். இதில் ஒன்றுகூட இல்லை."

மதர் போய்விட்டார். எமரென்சியா முறத்தைக் கையால் துழாவிப் பார்த்தாள். ஒரு கருப்பும் இல்லை. உர்சுலாவின் பல் எது என்று தேடினாள்; எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப்போனது. கண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்றாலாவது அதன்மேல் பழி போடலாம், இது பூண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டி ரசத்தில் போட்டாள்.

தியானம் இன்னும் முடியவில்லை. இருந்தாலும் ரசம் நுரைகட்டி வந்தபோது அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பானையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்:

"கேட்டியா, நம்மள வச்சுக்கிட்டாங்க."