மூன்றாவது முடிச்சும் அரை நிமிடமும்

போன ஆவணியில், மயிலாப்பூர் கல்யாண மண்டபம் ஒன்றில் என் மகனுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி, மாப்பிள்ளை தாலியில் இரண்டு முடிச்சுப் போட்டதும் மூன்றாவதை அவனுடைய அக்கா போட வேண்டும். என் மகளோ ஆறு மாதக் கர்ப்பிணி. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வாரமாகக் கோட்டூர்புரம் வீட்டில் ஒரே அழுகை.

அவள் பார்ப்பதற்காகவே கேமராக்காரரிடம் சொல்லி நேரலைக்கு ஏற்பாடு செய்தோம். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "அங்க எனக்குப் பதிலா சித்தி பொண்ணு போடட்டும்மா. அதே நேரத்துல நான் இங்க கட்டில் கம்பியில ஒரு மஞ்சக் கயித்தை முடிச்சுப் போடுறேன். தம்பிக்கு நானே போட்ட மாதிரி இருக்கும்."

அவள் டிவியில் நேரலையைப் போட்டுக்கொண்டாள். நான் செல்போனில் அவளோடு பேசியபடி மேடையில் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. மகன் இரண்டு முடிச்சும் போட்டுவிட்டான்.

"போடும்மா, போடு!" என்றேன்.

"என்னம்மா உளறுற? அவன் தாலியையே இன்னும் கையில வாங்கலையே!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், "நிறுத்துங்க! அவளுக்கு இன்னும் தாலியே வரல!" என்று கத்திவிட்டேன். மேளம் நின்றது. மருமகள் திருதிருவென்று விழித்தாள்.

கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீ! படம் துண்டு துண்டா நெட்டுல போய் அங்க சேர அரை நிமிஷம் லேட்டாவும். போன்ல பேசுறதுதான் உடனே போவும். டிவிய பாக்க வேணாம்னு சொல்லு. நீ வாயால சொல்லிக்கினே இரு."

தங்கை மகள் கயிற்றைப் பிடித்தபடியே, "சீக்கிரம் பெரிம்மா, கை வலிக்குது" என்றாள்.

போனில் மகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். "சுத்து... இழு... இப்போ போடு!"

இரண்டு இடத்துக் கயிற்றிலும் ஒரே நேரத்தில் முடிச்சு விழுந்தது. மேளம் மறுபடி முழங்கியது. "போட்டுட்டேம்மா!" என்று அழுதவள், கண்ணைத் திறந்ததுமே விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இப்பதான் டிவியில நீ 'நிறுத்துங்க'ன்னு கத்துற!"

கல்யாண வீடியோவில் அந்த இடத்தைச் சொந்தக்காரர்கள் இன்னும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வர முடியாதவர்களுக்குப் படம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்திருந்த நான், நடப்பதை நடக்கும்போதே ஒருவர் வாயால் சொன்னால்தான் அவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.