ஆராயி ஊசியைத் தரவில்லை

நாகலூர் காப்பிக் களத்தில் ஆராயியோடு எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த எட்டு வருடமும் அவள் தன்னைத் தானே திட்டிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. காயப்போட்ட கொட்டையைப் பலகையால் தள்ளிக் கிளறும்போது, அந்தத் தள்ளலுக்குத் தோதாக வாய் முணுமுணுக்கும். "மண்டு, உனக்கு எங்க வரும். மண்டு, உனக்கென்ன தெரியும்." வேறு யாரையாவது ஒரு நாளைக்கு இத்தனை தடவை அப்படிச் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். தன்னையே சொல்லிக்கொண்டதால் கேட்பாரில்லை.

ஒருமுறை எரிச்சல் தாங்காமல் கேட்டேன். "ஏன் ஆராயி, உன்னய நீயே இப்பிடிப் பேசிக்கிறே?"

"மத்தவீங்க சொல்றதுக்கு முன்னால நாமளே சொல்லிக்கிட்டா அவ்வளவா நோகாதுங்க அக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே, "சரி மண்டு, அந்தச் சாக்கை எடு" என்றேன். களத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

இத்தனைக்கும் அவளுக்குத் தெரிந்த ஒன்று எங்கள் யாருக்கும் தெரியாது. கொட்டையின் மேல்தோலை உரித்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். பல் பதிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பதியாமல் டக்கென்று நின்றால் காய்ந்துவிட்டது. நாங்களும் கடிப்போம், அரைகுறையாகக் காய்ந்ததும் முழுசாகக் காய்ந்ததும் எங்கள் பல்லுக்கு ஒன்றுதான். அவள் மலைக் காட்டில் பிறந்து, வாசலில் காய்கிற காப்பியைக் கடித்தே வளர்ந்தவள்.

எங்கள் களம் பதினோரு மலைக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. ஆராயியின் அண்ணன் வெங்கடாசலத்தின் காப்பியும் இங்கேதான் காய்கிறது. போன வருடம், களத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் பிரபாகர், ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தார். நல்ல மனிதர், ஆனால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே நிற்பவர். உச்சி வெயிலில் ஒரு கை அள்ளி மெஷினில் போட்டார். பதினொன்று என்றது. பதினொன்று என்றால் சாக்கில் கட்டலாம். ஆராயியும் ஒரு கொட்டையைக் கடித்தாள். முகம் மாறியதைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "மண்டு, மெஷினவிட உனக்குத் தெரியுமா" என்று உதடு மட்டும் அசைந்தது.

கட்டி இருபதாம் நாள் சாக்கைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். வாங்க வந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பதினோரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு எருக்குழிக்குப் போனது. வெங்கடாசலம் தன் மகள் மேனகாவைக் காலேஜில் சேர்ப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டார். அந்தப் பெண் அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க அக்கா" என்றாள் ஆராயி. "பல்லு பதிஞ்சுது. நாந்தான் என்னய வாயத் தொறக்க உடலை."

வழக்கம்போலத் திட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. கண் சிவந்திருந்தது. "இனி அந்தச் சொல்லுக்கு நான் எடங் குடுக்க மாட்டேனுங்க" என்றாள்.

சொன்னதும் போய்விடுமா, பல வருடத்துப் பழக்கம்? பலகையைத் தள்ளினால் 'மண்' என்று வாய் தொடங்கும். சட்டென்று நிறுத்துவாள். "கடிச்சுப் பாரு, பாத்துட்டுச் சொல்லு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, குனிந்து ஒரு கொட்டையை எடுப்பாள். ஒரு வருடம் முழுக்க இதே கதைதான்.

இந்தத் தை மாதம் மறுபடியும் அதே உச்சி வெயில், அதே மெஷின், அதே பதினொன்று. வாசலில் லாரி நின்றது. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கும் என்று பேச்சு.

"கட்டுங்க" என்றார் ரைட்டர்.

சாக்கு தைக்கிற கோணி ஊசி ஆராயி கையில் இருந்தது. ஒரு கொட்டையைக் கடித்தாள். ஊசியைத் தூக்கிக் கொண்டையில் செருகினாள்.

"பல்லு பதியுதுங்க ரைட்டர். கட்டக் கூடாதுங்க."

"மெஷின் பதினொன்னு காட்டுதும்மா."

"போன வருசமும் பதினொன்னுதானுங்க காட்டுச்சு."

ரைட்டர் முகம் சுருங்கிவிட்டது. வெங்கடாசலம் குறுக்கே வந்தார். "ஏ புள்ளே, லாரி நிக்குது, பனி வருது. உனக்கென்ன தெரியும்? ஊசியக் குடு."

அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை, இப்போது அண்ணன் வாயிலிருந்து வந்தது.

"தெரியுமுங்கண்ணா. உங்களுக்கும் சேத்துத் தெரியும்." பிறகு ரைட்டர் பக்கம் திரும்பினாள். "ஒரு மாசமாப் பாக்கறேனுங்க. அந்த மெஷினு காலைல ஒண்ணு சொல்லுது, வெயிலேறுனா எறக்கிச் சொல்லுது. சுடற கொட்டையப் போட்டா அது எப்பிடிங்க சரியாச் சொல்லும்? ஒரு கை நெழல்ல ஆற வெச்சுக் கேளுங்க."

ஆற வைத்தார்கள். அரை மணி நேரம் ஆனது. மறுபடி மெஷினில் போட்டால், பதினாலு. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஆனால் பனி சொன்னபடி வந்தது. நாலு நாள். தார்ப்பாயால் மூடுவதும், வெயில் எட்டிப் பார்த்தால் திறப்பதும், கிளறுவதுமாக இடுப்பொடிந்தது. நனைந்து போனால் இவளைச் சும்மா விடமாட்டார்களே என்று நான் தார்ப்பாய் ஓரத்தை இழுத்து இழுத்துக் கல் வைத்தேன். அவள் ஊசியைக் கொண்டையைவிட்டு எடுக்கவே இல்லை.

ஏழாம் நாள் ரைட்டர் தானே ஒரு கை அள்ளி நிழலில் ஆற வைத்தார். மெஷின் பதினொன்று என்றது. அப்போதும் அவர் "கட்டுங்க" என்று சொல்லாமல் ஆராயியைப் பார்த்தார். கடித்தாள். டக்கென்று எங்களுக்கே கேட்டது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கட்டுங்க" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை இல்லை.

விற்பனைக்குப் போன சாக்கில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மேனகா ஜூனில் சேலத்துக் காலேஜுக்குப் போகிறாள்.

சாக்கு ஏற்றிய அன்று சாயங்காலம், டீ கிளாஸோடு உட்கார்ந்து நான் குரல் கொடுத்தேன். "மண்டு, வா, டீ ஆறுது." எட்டு வருடப் பழக்கம்.

அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"நானே என்னய அப்பிடிக் கூப்பிடறத நிறுத்திப்போட்டேனுங்க அக்கா. நீங்க எதுக்குங்க இன்னமும் கூப்பிடறீங்க?"

சசிகலா வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று களத்தில் எனக்குப் பெயர். அன்று டீ கிளாஸைத்தான் கீழே வைத்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. நான் பதில் சொல்கிற வரை நின்றாள்.

"தப்புதான் ஆராயி" என்றேன். "உட்காரு. வேற டீ வாங்கியாரேன்."