பஸ்ஸில் அழுத பிள்ளை யாருடையது?

இன்று காலை மில்லர்புரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் ஐந்து வயதுச் சிறுமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மக்ரூன் வாங்கித் தருவேன்னு சொன்னல்லா, ஏன் வாங்கல?" என்று பிள்ளை அழுதது. அசல் நம் தூத்துக்குடித் தமிழ். அந்தப் பெண்ணோ இந்தியில் அதட்டினாள். அடிக்கடி வெளியே எட்டிப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்த அக்கா என் காதில் சொன்னார்: "ஏளா, பிள்ளை தமிழ் பேசுது, இவ இந்தி பேசுதா. தூக்கிட்டு வந்திருப்பாளோ?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வாட்ஸப்பில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிள்ளையோடு இறங்க எழுந்தபோது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

"போலீஸுக்குப் போன் போடுங்க!" என்று அக்கா கத்தினார். நாலைந்து பேர் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"பாப்பா, பயப்படாத. இவங்க யாரு?" என்று கேட்டேன்.

பிள்ளை அழுகையை நிறுத்தி என்னை முறைத்தது. "எங்கம்மா. கைய விடுங்க, வலிக்கும்லா!"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பெற்றோரின் நிரந்தர முகவரி பீகார்; பிள்ளை பிறந்தது தூத்துக்குடி.

"மன்னிச்சிருங்க" என்றேன், புரியுமோ என்னவோ என்று நினைத்தபடி.

"பரவால்ல அக்கா," என்றாள் தமிழில். "போன மாசமும் கேட்டாங்க. அதான் பையிலயே வச்சிருக்கேன்."

நானும் என் மகனோடு எத்தனையோ பஸ் ஏறியிருக்கிறேன். அவன் என் பிள்ளைதானா என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?