மிச்சமிருந்த மூன்று செட்

லவினியா யார்னலின் டென்னிஸில் அழகு என்று சொல்ல அதிகமில்லை. எதிராளி தவறும்வரை பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டு வயதில், ஜெர்மன்டவுனில் அப்பாவின் இரும்புக்கடைக்குப் பின்புறச் சுவரில் அடித்துப் பழகியவள். சுவர் தவறவே தவறாது. அதனால் பொறுமை மட்டும் நன்றாகப் படிந்துவிட்டது.

அந்தப் பொறுமையால்தான் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஊர் டென்னிஸ் கிளப்பின் பெண்கள் கோப்பை அவளிடம் இருந்தது. நடப்புச் சாம்பியன் மற்ற ஆட்டங்களில் இறங்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வாரம் முழுக்கத் தொப்பியோடு நிழலில் உட்கார்ந்திருந்து, எல்லோரையும் வென்று வருகிறவளோடு சனிக்கிழமை மட்டும் மோத வேண்டும். மற்றவர்களுக்கு அது சலுகையாகத் தெரிந்தது. லவினியாவுக்கோ இரண்டு செட் ஆடினால்தான் கை ஓடும். ஐந்து செட்டில் மூன்றை வெல்ல வேண்டிய ஆட்டம் என்பதால் பிழைத்தாள்.

1901 ஜூனில் அவளை எதிர்த்து வந்தவள் பத்தொன்பது வயது கார்டீலியா பிரின்டன். முதல் இரண்டு செட்டையும் அள்ளிக்கொண்டாள். அடுத்த இரண்டும் லவினியாவுக்கு. ஐந்தாவது தொடங்கும்போது கமிட்டிச் செயலாளர் ஹாலவே குடையோடு மைதானத்துக்குள் வந்தார்.

“போதும்மா மிஸ் யார்னல். ரெண்டு பேரும் முகம் செவந்து நிக்கிறீங்க. கோப்பையை ஆளுக்கு ஆறு மாசம் வெச்சுக்கலாம்.”

“உங்க முகமும்தான் செவந்திருக்கு. போய் உக்காருங்க” என்றாள் லவினியா.

“சார், உங்க குடை நிழல் எல்லைக் கோட்டு மேல விழுது” என்றாள் கார்டீலியா. “நகருங்க, சர்வீஸ் போடணும்.”

லவினியா எட்டுக்கு ஆறு என்று வென்றாள். பாவாடை ஓரம் கிழிந்து தரையில் இழுபட்டது. கூட்டம் நாற்காலி மீதேறிக் கத்தியது.

ஜனவரியில் கடிதம் வந்தது. பெண்களின் உடல்நலம் கருதி இனி மூன்று செட்தானாம், இரண்டை வென்றாலே போதுமாம். கையெழுத்திட்ட ஏழு பேரும் ஆண்கள். பதினொரு பெண்கள் கையெழுத்திட்டு லவினியா அனுப்பிய மறுப்புக்குப் பதிலே இல்லை.

அடுத்த ஜூனிலும் எதிரே கார்டீலியா. 6-1, 6-4. பந்து மட்டையில் ஒழுங்காக உட்காரத் தொடங்கியபோது ஆட்டமே முடிந்துவிட்டது. கோப்பை கைமாறியது. கை குலுக்க வந்த லவினியா பிடித்த கையை விடவில்லை.

“எனக்கு இப்பதான் கை சூடாகுது.”

“தெரியும். போன வருஷமும் இந்த நேரத்துலதானே என்னைச் சாவடிக்க ஆரம்பிச்சீங்க!”

“மிச்சம் மூணு செட் இருக்கே. ஆடுறியா?”

கார்டீலியா கோப்பையை நாற்காலியில் வைத்தாள். “ஆடாம? ஆனா இதைத் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“வலையை அவுக்கணும்!” என்று ஹாலவே ஓடிவந்தார்.

“அஞ்சாவது செட் முடிஞ்சதும் அவுத்துக்கோங்க” என்றாள் லவினியா.

தேநீர்க் கூடாரத்துக்குப் போன கூட்டம் கையில் தேநீரோடு திரும்பி ஓடிவந்தது. நடுவர் இல்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது லவினியாவுக்கு, 6-3. நான்காவதும் அவளுக்கே, 7-5. ஐந்தாவதில் எட்டுக்கு ஏழு என்று கார்டீலியா முந்தினாள். லவினியா இரண்டு முறை தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டாள். மூன்றாம் முறை கார்டீலியாவின் பந்து வலையை உரசி இந்தப் பக்கம் விழுந்தது. லவினியா பாய்ந்தாள், மட்டை எட்டவில்லை.

முழங்காலில் புல்லோடு எழுந்தவள் சிரித்தாள்.

“இப்பதான்டி நீ ஜெயிச்சே. அந்த ரெண்டு செட்டுல ஜெயிச்சது கமிட்டி.”